அப்ஸ்ட்ரீமுக்கு 'மேல்மடை' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

அப்ஸ்ட்ரீம் (ஒரு சாஃப்ட்வேர் எங்க இருந்து வருதோ அந்த இடம்), டவுன்ஸ்ட்ரீம் (அத வாங்கி தங்களோடதுல சேத்துக் கொடுக்கிற இடம்) ரெண்டுக்கும் இன்னும் ஒரு சொல் முடிவாகாம இழுத்துக்கிட்டே போகுது. இப்ப நம்ம மொழிபெயர்ப்புல ஒரு இடத்துல 'மேல்நீரோட்டம்', ஒரு இடத்துல 'மூலம்', இன்னொரு இடத்துல 'மேலோடை'ன்னு கிடக்கு. பக் ரிப்போர்ட் பண்ற ஜன்னல்ல "இச்சிக்கலை மேல்நீரோட்டத்திற்கு அறிவிக்கவும்"னு வந்தா படிக்கிறவங்க யார்கிட்ட போய் சொல்லுவாங்க? 'மூலம்' அதைவிட சிக்கல், ஏன்னா மூலநிரல்னு சோர்ஸ் கோடுக்கு ஏற்கனவே குடுத்துட்டோம், அப்புறம் "மூலத்தில் திருத்தவும்"னா கோடுல திருத்துறதா இல்ல அந்த புராஜெக்ட்ல போய் திருத்துறதான்னு தெரியாது.

நான் முன்வைக்கிறது மேல்மடை, கீழ்மடை.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னு சொல்லிடறேன். ஒரு அப்ளிகேஷனோட மெனு பேர்ல எழுத்துப்பிழை இருந்துச்சு. டெஸ்க்டாப் ஃபைல்ல பேர் வரியில சதுர அடைப்புக்குள்ள மொழிக்குறி போட்டு தமிழ்ப்பேர் எழுதுவோமே, அந்த வரியில ஒரு ஒற்று விட்டுப்போயிருந்துச்சு. நான் பயன்படுத்தின டிஸ்ட்ரோவோட (பல புராஜெக்ட்டோட சாஃப்ட்வேர சேத்துக் கொடுக்கிற லினக்ஸ் தொகுப்பு) மொழிபெயர்ப்பு பக்கத்துலயே திருத்திட்டேன், அடுத்த வெர்ஷன்ல சரியாவும் வந்துச்சு. அதுக்கடுத்த வெர்ஷன்ல பழைய பிழை திரும்ப வந்து உக்காந்துருச்சு. மறுபடி திருத்தினேன், மறுபடி போச்சு. நான் திருத்தினது கீழ இருக்கிற காப்பிய, அந்த அப்ளிகேஷன எழுதுறவங்க கையில பிழையோட ஃபைல்தான் இருந்துச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது. 'மேல இருக்கிற இடம்' என்னன்னு சொல்ல ஒரு நல்ல தமிழ்ச்சொல் அந்தப் பக்கத்துல இருந்திருந்தா முதல் தடவையே சரியான இடத்துக்குப் போயிருப்பேன்.

பெரிய அளவுல பாத்தாலும் இதே கதைதான். பிடிஎஃப் காட்டுற பல அப்ளிகேஷன்கள் எக்ஸ்பிடிஎஃப்ங்கிற பழைய அப்ளிகேஷனோட கோட தனித்தனியா காப்பி அடிச்சு உள்ள வெச்சிருந்த காலம் ஒண்ணு உண்டு. ஒரு செக்யூரிட்டி ஓட்டை வந்தா அத்தனை காப்பியிலயும் தனித்தனியா அடைக்கணும், ஒண்ணு விட்டுப்போனாலும் அத வெச்சிருக்கிறவங்க மாட்டுவாங்க. 2005-ல அந்தக் கோட எடுத்து பாப்ளர்னு ஒரே லைப்ரரியா (பல அப்ளிகேஷன் பகிர்ந்துக்கிற கோட் தொகுப்பு) பிரிச்சாங்க. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளான க்னோமோட எவின்ஸும் கேடிஇயோட ஆக்குலரும் அதைத்தான் பயன்படுத்துது, ஒரு இடத்துல அடைச்சா எல்லாருக்கும் அடைபடும்.

நம்ம எழுத்துக்கே வருவோம். 'கொ'ன்னு டைப் பண்ணினா உள்ள ககரம் முதல்ல, ஒகரக்குறி அடுத்து, ஆனா திரையில அந்தக் குறி ரெண்டா பிரிஞ்சு கொம்பு எழுத்துக்கு முன்னாடியும் கால் பின்னாடியும் வந்து நிக்கணும். இந்த வேலைய க்னோம் பக்கம் பாங்கோங்கிற லைப்ரரி தனியா, கேடிஇ பக்கம் க்யூட்டிங்கிற லைப்ரரி தனியா, லிப்ரெஆபிஸ் வேற ஒரு இன்ஜின் வெச்சு செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அதனால ஒண்ணுல ஒழுங்கா தெரியுற எழுத்து இன்னொண்ணுல உடைஞ்சு தெரிஞ்சா, மூணு எடத்துல மூணு தடவ பக் போடணும். இப்ப எல்லாரும் இந்த வேலைக்கு ஹார்ஃப்பஸ்ங்கிற ஒரே லைப்ரரிக்கு வந்தாச்சு (லிப்ரெஆபிஸ் 2017-ல 5.3 வெர்ஷன்ல எல்லா பிளாட்ஃபார்முக்கும் மாறிடுச்சு). ஹார்ஃப்பஸ்ங்கிற பேரே ஓபன்டைப்புங்கிற எழுத்துரு வடிவத்தோட பேர பாரசீகத்துல சொன்னதுதான், 'ஹர்ஃப்'னா எழுத்து, 'பாஸ்'னா திறந்தது. அவங்க மொழிச்சொல்ல உலகமே சொல்லுது, எனக்கு அத நினைச்சா தனி சந்தோஷம்.

சொல்லுக்கு வரேன். வாய்க்கால்ல தலைமடை, கடைமடைன்னு சொல்றது நம்மகிட்ட புழங்குற பேச்சு, செய்தித்தாள்லயே தினம் வருது. மேல அடைப்பு எடுத்தா கீழ வரைக்கும் தண்ணி வரும்ங்கிறது யாருக்கும் விளக்கவே வேண்டாம். மேல்நீரோட்டம்னா ஆத்துல ஒரு திசை, அவ்வளவுதான். மடைன்னா திறக்கவும் மூடவும் ஆள் இருக்கிற இடம். புராஜெக்ட் மெயின்டெயினர் செய்யிறது அதே வேலைதானே, எத உள்ள விடணும் எப்ப விடணும்னு பாத்து விடுறது.

போன மடல்ல வந்த ரெண்டு கேள்விக்கு என் பதில்:

> தலைமடை, கடைமடைன்னே இருக்கே, புதுசா மேல்மடை கீழ்மடை எதுக்கு?

நானும் முதல்ல தலைமடைன்னுதான் எழுதி வெச்சேன். ஆனா டெபியன், உபுண்டு, மின்ட்னு மூணு டிஸ்ட்ரோவப் பாருங்க, ஹார்ஃப்பஸ்க்கு டெபியன் டவுன்ஸ்ட்ரீம், உபுண்டுவுக்கு அதே டெபியன் அப்ஸ்ட்ரீம், உபுண்டுவுக்குக் கீழ மின்ட் இருக்கு. நடுவுல இருக்கிறவர தலைன்னும் சொல்ல முடியாது கடைன்னும் சொல்ல முடியாது, மேல் கீழ்னா யாருக்கு மேல யாருக்குக் கீழன்னு பொருந்திப்போகும். அதோட கடைமடைன்னாலே தண்ணி வந்து சேராத இடம்ங்கிற வருத்தம் சேந்தே வருது, டிஸ்ட்ரோல ராப்பகலா பேக்கேஜ் பண்றவங்கள அப்படிக் கூப்பிட எனக்கு மனசு வரல. தலைமடைய முதல்ல எழுதுற புராஜெக்டுக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

> தண்ணி மேல ஏறாதே, பேட்ச் மேல போறத எப்படி சொல்றது?

பேட்ச்னா கோடுல செய்யிற சின்ன திருத்தம், தமிழ்ல 'ஒட்டு'. அத 'ஏத்துறது'ன்னே சொல்லலாம். கீழ வரது தானா வரும், மேல போகணும்னா யாராவது கை வெச்சு ஏத்தணும், நிஜத்துலயும் அப்படித்தான் நடக்குது. "இந்த ஒட்டை மேல்மடைக்கு ஏற்றவும்", "மேல்மடையில் ஏற்கப்பட்டது", "இது கீழ்மடை மாற்றம் மட்டும்". சத்தமா படிச்சுப் பாருங்க, எனக்கு எங்கயும் இடறல.

இன்னொரு சந்தேகம் எனக்கே இருக்கு, அத மறைக்காம சொல்லிடறேன். பொது நியமங்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது வழக்கம் வகுக்கிற ஃப்ரீடெஸ்க்டாப் போட்ட குப்பைத்தொட்டி நியமத்த எடுத்துக்கோங்க, அழிச்ச ஃபைல் ஒரு ஃபோல்டர்ல, அது எங்க இருந்துச்சு எப்ப அழிச்சாங்கங்கிற குறிப்பு பக்கத்து ஃபோல்டர்ல. க்னோம்ல அழிச்சத கேடிஇல திறந்து மீட்டுக்க முடியுறது அதனாலதான். ஆனா இங்க கோடு எதுவும் கீழ ஓடி வரல, ஒத்துக்கிட்டது ஒரு வழக்கத்த மட்டும்தான், அவங்கவங்க அவங்க கோட தனியாதான் எழுதுறாங்க. அதனால நியமம் வெளியிடுற இடத்த மேல்மடைன்னு மொழிபெயர்க்க வேண்டாம், அங்க 'பொது நியமம்'னே விட்டுடலாம். அப்ளிகேஷன்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க உதவுற டிபஸ் மாதிரி ரெண்டும் கலந்தது வரும்போது (கேடிஇ 2008-ல அதே வேலை செஞ்ச தன்னோட டிகாப்ப விட்டுட்டு அதுக்கு மாறிச்சு, அதுல நியமமும் இருக்கு லைப்ரரியும் இருக்கு) எதப் பத்தின வரின்னு பாத்து பண்ணணும், வேற வழி தெரியல.

முதல்ல பக் ரிப்போர்ட் ஜன்னல் வரிகள மட்டும் மாத்தி இங்க அனுப்புறேன். 'ஏற்று'ங்கிற வினை 'ஏற்றுக்கொள்'ளோட குழம்பும்னு யாருக்காவது தோணினா, எந்த வரியில குழம்புதுன்னு அந்த வரியோடயே எழுதுங்க.