புதுப்பிப்பு: 2 கிலோ ஈயத்தைக் கழற்றிய கதை

போன மாதம் கேட்டிருந்தேன்: ஸ்கூபாவில் (சிலிண்டர் காற்றோடு கடலுக்குள் இறங்குவது) 14 டைவ்தான் அனுபவம், குழுவாக ஒழுங்காக டைவ் செய்ய எதிலிருந்து தொடங்குவது என்று. "கோர்ஸெல்லாம் பிறகு, முதலில் நீருக்குள் அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுங்க" என்று ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

புதுச்சேரிக் கடலில் ஐந்து டைவ் ஆயிற்று. சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு; கிட்டத்தட்ட தீரும் நிலை) மிச்சமிருக்கையில், மிதப்பதற்காகக் காற்று ஊதும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பார்த்தேன். கல் மாதிரி இறங்கினேன்! மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் 2 கிலோ அதிகம். கழற்றியதும் கால் தொங்குவது நின்றது. தவளை உதை போட்டால் மணல் கிளம்புவதில்லை. (கலங்கிய நாளில் இங்கே முன்னால் போகிறவரின் துடுப்புகூடத் தெரியாது. மணல் கிளம்பாததே பின்னால் வருபவருக்குப் பெரிய உபகாரம்.)

அப்புறம் காற்றுப் பகிர்வு. கூட வரும் அண்ணன் காற்று இல்லை என்று ஒத்திகைக்காகச் சைகை காட்டியதும் ரெகுலேட்டரை (வாயில் வைத்து மூச்சு விடும் கருவி) நீட்டினேன், சரி. அதற்குள் இருவரும் 2 மீட்டர் மேலே போயிருந்தோம். இப்போது ஒவ்வொரு டைவிலும் முதல் வேலை அந்த ஒத்திகைதான்.

டார்ச் சைகைதான் இன்னும் தகராறு. வட்டம் போட்டால் ஓகே, வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆபத்து. ஒரு மீனைக் காட்டப்போய் வேகமாக ஆட்டிவிட்டேன். கூட வந்த மூன்று பேரும் பாய்ந்து வந்துவிட்டார்கள்.