ஆதிமந்தி என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா?

பெரம்பூர்வாசி

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள், தொட்டில் போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் ஆதிமந்தி என்ற பெயர் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சங்ககாலப் புலவர், கரிகாலன் மகள், ஆற்றோடு போன கணவனைத் தேடிக் கரையெல்லாம் அலைந்தவள் என்ற அளவில்தான் எங்களுக்குத் தெரியும். யாழினி, ஆதிரை, மகிழினி எல்லாம் நல்ல பெயர்கள்தான், ஆனால் எங்கள் பிளாக்கிலேயே இரண்டு யாழினி இருக்கிறார்கள், மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் இரண்டு பேரும் ஓடி வருகிறார்கள்.

சிக்கல் வீட்டில்தான். அம்மா, "மந்தின்னா குரங்குடா, குலதெய்வம் பேரை விட்டுட்டு குரங்கு பேரா?" என்கிறார். மாமனார் ஒரு படி மேலே போய், புருஷனை ஆற்றில் பறிகொடுத்தவள் பெயர் வீட்டுக்கு ஆகாது என்கிறார். மச்சான் சொல்வதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, "மந்தி சிக்கனா மட்டனா மாமா?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டான். தெருவுக்கு ஒரு மந்தி பிரியாணிக் கடை வந்துவிட்ட ஊரில் அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெயரின் பொருள் உண்மையில் என்ன, இப்போது யாராவது வைக்கிறார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயிலைத் தமிழாசிரியை

வாழ்த்துகள் தம்பி. அம்மா சொல்வது சரிதான், மந்தி என்றால் பெண் குரங்கு, சுற்றி வளைத்து வேறு பொருள் தேட வேண்டாம். ஆண் குரங்குக்குக் கடுவன் என்று பெயர். ஆனால் அதை ஒரு வசவாகக் கேட்பது நம் காலத்துக் காது. குறுந்தொகை 69ஆம் பாட்டை அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள். ஆண் குரங்கு செத்துப்போகிறது, தனியாக வாழ முடியாத மந்தி, மரமேறக்கூடக் கற்றுக்கொள்ளாத தன் குட்டியை உறவுக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. "காமர் மந்தி" என்கிறார் புலவர், அழகிய மந்தி என்று. சம்பந்தர் திருவையாற்றைப் பாடும்போது முழவு அதிர்வதை இடி என்று நினைத்து மந்திகள் பயந்து மரமேறி மேகம் பார்க்கின்றன. குற்றாலக் குறவஞ்சியில் வானரங்கள் பழம் கொடுத்து மந்தியோடு கொஞ்சுவது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அவ்வளவு ஏன், கும்பகோணம் பக்கத்து ஆடுதுறையின் பழைய பெயர் தென்குரங்காடுதுறை, குரங்குப் பெயர் அபசகுனம் என்று அங்கே யாரும் ஊரைக் காலி செய்யவில்லை.

அந்தக் காலத்தில் காக்கைபாடினியார், நரிவெரூஉத்தலையார் என்றெல்லாம் புலவர்களை அழைத்திருக்கிறார்கள். காக்கையும் நரியும் ஒட்டிக்கொண்டதால் அவர்களுக்கு மரியாதை குறையவில்லை.

ஆதிமந்தி எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே பாட்டு, குறுந்தொகை 31. அதில் ஆறும் இல்லை, வெள்ளமும் இல்லை. வீரர்கள் கூடிய விழாவிலும் பெண்கள் ஆடும் துணங்கைக் கூத்திலும் அவனைத் தேடினேன், எங்குமே காணோம், நானும் ஓர் ஆடுகள மகள், அதாவது களத்தில் ஆடுகிறவள், என் வளையலை நெகிழவைத்த அவனும் ஓர் ஆடுகள மகன் என்கிறாள். துணிச்சலான பாட்டு. பெயர் வைக்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பெண்ணை, ஆற்றங்கரையில் அழுபவளை இல்லை என்பது என் கட்சி.

அகம்நானூறு

ஆசிரியை சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், மாமனாருக்குப் பதிலாகவும் இருக்கும்.

காவிரிக் கதை மற்றவர்கள் பாடியதிலிருந்து வருகிறது. அகநானூறு 45இல் வெள்ளிவீதியார், தானும் ஆதிமந்தி போல மனம் பேதலித்துத் திரிவதாகச் சொல்கிறார், அதாவது அப்போதே ஊரறிந்த கதையாக இருந்திருக்கிறது. பரணர் பல பாட்டுகளில் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கழார் என்ற ஊரின் துறையில் புனல் விழா, கரிகாலன் சுற்றத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, ஆதிமந்தியின் கணவன் ஆட்டனத்தி ஆடும்போது அவன் அழகுக்கு ஆசைப்பட்டுக் காவிரியே அவனைக் கொண்டுபோய்விடுகிறது. 222ஆம் பாட்டில் மருதி என்று ஒரு பெண் வருகிறாள், ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். சங்கப் பாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் இந்த மருதிதான், யார் எவர் என்று ஒரு விவரமும் இல்லாமல் ஓரிரு வரியில் வந்து போகிறாள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி, புகாரில் பிறந்த பத்தினிப் பெண்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் கரிகாலன் மகள் வருகிறாள். பெயர் சொல்லப்படவில்லை, கணவனை 'வஞ்சிக்கோன்' என்கிறார் இளங்கோ. அவள் நீரின் பின்னாலேயே போய்க் கூப்பிட, கடல் அவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது, தழுவிக்கொண்டு திரும்பி வருகிறாள். இதையும் அகநானூற்றையும் சேர்த்து வைத்துத்தான் ஆதிமந்தி கரிகாலன் மகள் என்று சொல்கிறோம். ஆக மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அவள் பறிகொடுத்தவள் இல்லை, போய் மீட்டு வந்தவள். சீதை, சாவித்திரி எல்லாம் நல்ல பெயர் என்றால் இதுவும் நல்ல பெயர்தான்.

ஆதிமந்தி மறுக்கப்பட்டால் மருதி என்று வையுங்கள். மருதமரமும் இருக்கிறது, மருத நிலமும் இருக்கிறது, கிண்டலடிக்க ஒன்றும் இல்லை.

அம்பத்தூர் அம்மா

எல்லாரும் பாட்டாகச் சொல்கிறீர்கள், நான் வளர்த்த கதையைச் சொல்கிறேன். என் பெண் பெயர் நப்பின்னை. திருப்பாவையில் ஆண்டாள் "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்" என்று கதவு திறக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாளே, அந்த நப்பின்னை. மார்கழியில் எங்கள் வீட்டில் ஒலிக்கும் பெயர் என்று ஆசை ஆசையாய் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை ஒன்றும் இல்லை, அதற்கப்புறம் அது நாப்கின் ஆகிவிட்டது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து எனக்கு வேறு பேர் வை என்று அழுதாள். ஆசிரியரிடம் சொன்னோம், அவரே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அதே பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள், அது வேறு விஷயம், ஆனால் நடுவில் அந்த சில வருஷங்கள் அவளுக்குக் கஷ்டம்தான்.

மந்தி பிரியாணி கிண்டல் பெரிய விஷயமில்லை, சாப்பாட்டுப் பெயர் வந்தால் நாளைக்கு மறந்துவிடுவார்கள். மந்தி-குரங்குதான் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியை அம்மா சொன்ன பாட்டெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடாகத் தெரிய வேண்டும், திருப்பிக் கொடுக்கிற வாயும் வேண்டும். அதுவும் ஆதி என்று சுருக்கிக் கூப்பிட்டால் பையனா என்று கேட்பார்கள். எனக்கு மருதிதான் சரி என்று படுகிறது.

பெரம்பூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. குறுந்தொகை 31ஐ மனைவி அச்செடுத்து பீரோவில் ஒட்டிவிட்டாள். அம்மாவுக்குத் திருவையாற்று மந்தியைச் சொன்னேன், "சம்பந்தர் குரங்கைப் பாடினார், குரங்குன்னு பிள்ளைக்குப் பேர் வச்சாரா?" என்று ஒரே போடு. பதில் இருந்தால் யாராவது எழுதுங்கள். மருதி எனக்குப் பிடித்திருக்கிறது, மனைவிக்கு இன்னும் ஆதிமந்திதான். நப்பின்னை அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து நான் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறேன். அப்புறம் ஒரு நடைமுறைச் சந்தேகம், பிறப்புச் சான்றிதழுக்கு எத்தனை நாளைக்குள் பெயர் முடிவு செய்ய வேண்டும்?

ரிப்பன் மாளிகை பக்கம்

சார், அவசரமே வேண்டாம். 21 நாளைக்குள் பிறப்பு பதிவாகியிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள். பெயர் இல்லாமலே பதியலாம். பிறகு ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதனால் தொட்டிலில் போடும்போது ஒரு பெயர் சொல்லிவிட்டு, காகிதத்துக்கு மட்டும் சில மாதம் யோசியுங்கள், வீட்டில் எந்தப் பெயர் நாக்கில் வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

ஆதிமந்திதான் என்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஜாக்கிரதை. 'தி'க்கு வெறும் di போட்டால் படிக்கிறவர் ஆதிமண்டி என்பார், கோயம்பேட்டு வெங்காய மண்டி நினைவு வந்துவிடும். dhi என்றோ thi என்றோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'ஆதி'யில் வரும் தி, 'மந்தி'யில் வரும் தி இரண்டுக்கும் அதையே போடுங்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது அங்கேதான், சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று போய்விடும். குழந்தைக்கு ஆதார் எடுக்கப் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள், அதனால் இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்து முதலில் சான்றிதழில் சரிபார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.