புதுப்பிப்பு: லின்டோரைக் கீழே இறக்கலாமா என்ற மே மாத இழை

மே மாதம் நான் இங்கே கேட்டது இதுதான்: பேட்டிங் சராசரி .200-ஐக்கூடத் (பத்துக்கு இரண்டு வெற்றி அடி) தொடாமல் திணறும் ஃபிரான்சிஸ்கோ லின்டோரை நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி பேட்டிங் வரிசையில் பின்னுக்குத் தள்ள வேண்டுமா? 10 ஆண்டுக்கு 34.1 கோடி டாலர் ஒப்பந்தம் என்பதைச் சொல்லிச் சொல்லிப் பலர் கொதித்தீர்கள். ஒன்றரை மாத ஆட்டத்தை வைத்து விலை போடாதீர்கள், ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பு இடம்) அவர் தடுக்கும் ஓட்டங்களையும் சேருங்கள் என்றேன்.

2024 சீசன் முடிந்தாயிற்று. மேனேஜர் மென்டோசா அவரைக் கீழே இறக்கவில்லை, மே 18 முதல் முதல் ஆளாகவே அனுப்பினார். அந்த இடம் சக ஆட்டக்காரர் நிம்மோவுக்குத்தான் என்று வாதாடியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. நல்ல பந்துக்காகப் பொறுத்திருக்கும் கண் அவருக்கு. ஆனாலும் முதலில் இறங்குவதால் சிறந்த ஆட்டக்காரருக்கு அதிகமுறை மட்டை பிடிக்க வாய்ப்புக் கிடைப்பது பெரிய லாபம். லின்டோரின் கணக்கு: சராசரி .273, 33 ஹோம் ரன் (எல்லா பேஸையும் சுற்றி ஓட்டம் தரும் அடி), 29 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). மே 29 முடிவில் 22 வெற்றி, 33 தோல்வி என்று கிடந்த அணி 89 வெற்றியில் முடித்தது.

செப்டம்பர் 30, அட்லாண்டாவில் பிரேவ்ஸ் அணியுடன் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் 8-வது இன்னிங்ஸில் 6 ஓட்டம் எடுத்து முந்திய மெட்ஸ், உடனே 4 விட்டுக்கொடுத்து 7-6 என்று பின்தங்கியது. 9-வதில், முதுகுவலியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த லின்டோர் அடித்தார் இரண்டு ஓட்ட ஹோம் ரன்; 8-7, பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகள்) இடம் உறுதி. கத்தியே விட்டேன்!

எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) வாக்கில் லின்டோருக்கு டாட்ஜர்ஸ் அணியின் ஒட்டானிக்கு அடுத்த இடம். ஒட்டானியின் 54 ஹோம் ரன், 59 திருட்டுக்கு முன்னால் அது சரியான தீர்ப்பே.