‘இல்லை’யை விழுங்கிய தேடல்: உங்களுக்கும் நடந்ததா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
எங்கள் கமக்கார அமைப்பின் பழைய கூட்டறிக்கைகளைப் போன மாரியில் தட்டச்சு செய்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றினேன். இரணைமடுத் தண்ணீரில் விதைக்கிறவர்களுக்குத் தெரியும், சிறுபோகக் கூட்டம் என்றால் சண்டைதான். இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு விடுவது, எதற்கு விடாமல் மறிப்பது என்று பொழுதுபடும்வரை இழுபடும்.

ஒருநாள் செயலாளர் ஐயா கேட்டார்: “தம்பி, எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி விடுறேல்லை எண்டு முடிவெடுத்த வருசங்களை ஒருக்கா எடுத்துத் தாரும்.”

அறிக்கையில் உள்ளபடியே “தண்ணீர் விடுவது இல்லை” என்று மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, வந்ததை அச்சடித்துக் கொடுத்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வருசம் விதைச்சு வெட்டின நாங்களெல்லோ?”

பிழை என்னுடையதுதான். தேடல் வேகமாக இருக்கும் என்று நினைத்து இணையத்தில் கிடைத்த ஒரு நிறுத்தச் சொல் பட்டியலைப் பூட்டியிருந்தேன். அடிக்கடி வருகிற சொற்கள் என்று தேடலில் கணக்கெடுக்காமல் தள்ளிவிடுகிறவைதான் நிறுத்தச் சொற்கள். ஆங்கிலப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துத் தமிழாக்கிய சாமான் அது. ‘மற்றும்’ இருக்கிறது, எங்கள் அறிக்கைகளில் அந்தச் சொல்லைக் காண்பதே அருமை, நாங்கள் ‘உம்’ போட்டு எழுதுகிற ஆட்கள். ‘ஒரு’, ‘என்று’, ‘மேல்’ எல்லாம் இருக்கின்றன. கூடவே ‘இல்லை’யும்! கடைசிச் சொல் நிறுத்தச் சொல்லாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதைப் பேசாமல் வெட்டிவிடும். மிச்சம் “தண்ணீர் விடுவது” மட்டும். நடுவில் வந்தால் இடத்தை எண்ணி வைத்துக்கொள்ளும், ஆனால் அந்த இடத்தில் என்ன சொல் என்று பார்க்காது. “கட்டின் மேல் பக்கம்” என்று கேட்டால் “கட்டின் கீழ் பக்கம்” என்பதையும் கொண்டுவந்து தரும்.

இன்னொரு கூத்து. முந்திய செயலாளர் ஒருவர் “விடுவதில்லை” என்று சேர்த்தே எழுதுவார். அவருடைய ‘இல்லை’கள் எல்லாம் தப்பிவிட்டன, என் தேடலிலும் அகப்படவில்லை.

இப்போது போஸ்ட்கிரெஸின் ‘சிம்பிள்’ என்ற தேடல் அமைப்புக்கு மாற்றிவிட்டேன், அதில் நிறுத்தச் சொல் கிடையாது. அட்டவணையில் தேடலுக்கென்று வைத்த நிரலையும் (கொலம்), இன்டெக்ஸ் என்கிற சொல்லடைவையும் திரும்ப உருவாக்கவேண்டி வந்தது. பிரித்து எழுதியது, சேர்த்து எழுதியது இரண்டையும் ‘அல்லது’ போட்டுத் தேடுகிறேன்.

வேப்பமரத்தடி (வவுனியா):
எனக்கு நடந்தது ஆங்கிலத்தில். ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் ஆவணங்களை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் போட்டுக் கொடுத்தேன். அவர் தேடிய முதல் சொல்லே ‘வில்’. மரணசாசனத்துக்கு ஆங்கிலத்தில் அதுதானே. ஒன்றும் வரவில்லை. அலுமாரி நிறைய மரணசாசனம் இருக்கிறது, கணினி பூச்சியம் என்கிறது! மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கிற பகுதியான இன்னோடிபியின் இயல்பு நிறுத்தச் சொல் பட்டியலில் 36 சொற்கள், அதில் ‘வில்’லும் ஒன்று. அதற்கு அது வெறும் எதிர்கால வினைத்துணை, சட்டத்தரணிக்கு அதுதான் சோறு. நிறுத்தச் சொல் வசதியை அணைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன், அப்போதும் அதே பூச்சியம். இன்டெக்ஸை நீக்கிப் புதிதாகக் கட்டினால்தான் மாற்றம் பிடிக்கும் என்று பின்னேரம்தான் விளங்கியது.

நந்திக்கடல்காற்று (முல்லைத்தீவு):
லூசீன் என்ற தேடல் மென்பொருளின் பழைய ஆங்கில நிறுத்தச் சொல் பட்டியலில் 33 சொற்கள். ‘நோ’, ‘நொட்’ இரண்டும் அதில் உண்டு, உங்கள் ‘வில்’லும் உண்டு. 8ஆம் பதிப்பிலிருந்து, எழுத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்கிற அதன் ஸ்டாண்டர்ட் அனலைசர் தானாக எந்த நிறுத்தச் சொல்லையும் நீக்குவதில்லை. டிஸ்க் விலை கூடிய காலத்தில் இடம் மிச்சம் பிடிக்கச் சொற்களை வெட்டிய பழக்கத்தை நாங்கள் ஏன் இன்னும் காவித் திரியவேண்டும்? குளக்கட்டு அண்ணை, ஐயா இப்ப சமாதானமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
எங்கே! நான் தேடும்போது பழைய கொப்பியையும் கொண்டுவந்து பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்.