72 வயதில் பிஎம்ஐ 25: எடையைக் குறைக்கணுமா, அப்படியே விடலாமா?

செங்காங்வாசி:

வணக்கம். அம்மாவுக்கு 72 வயது. உயரம் 152 செ.மீ., எடை 58 கிலோ, இடுப்புச் சுற்றளவு 86 செ.மீ. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின், கிளிப்பிசைட் இரண்டும் காலையும் இரவும். பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25.1 வருகிறது. 23ஐத் தாண்டினால் மிதமான அபாயம் என்று அட்டவணையில் இருப்பதால், ஐந்து மாதமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு படுத்துவிடுகிறார். 62லிருந்து 58க்கு வந்துவிட்டது, அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இப்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. பழைய மருத்துவ அட்டையில் உயரம் 156 என்று இருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனை இயல்பு. செவ்வாய், வெள்ளி சைவம். 55 கிலோவரை கொண்டுபோகலாமா?

மாத்திரைப்பெட்டி:

55 கிலோ பிறகு. முதலில் கிளிப்பிசைட்.

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை அது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வது அதனால்தான். இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு வாழைப்பழத்தோடு படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். தூக்கத்தில் நடப்பது வெளியே தெரியாது. வியர்வையில் நனைந்த தலையணை, கெட்ட கனவு, எழுந்ததும் தலைவலி, இவை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வயதில் அரைத்தூக்கத்தில் கழிப்பறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

ரத்தச் சர்க்கரையை அளந்து லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே வந்தால்: மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிய நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்பத் தொடங்குங்கள். 4 கிலோ இறங்கியிருக்கிறது, பழைய அளவு மருந்து இப்போது அதிகமாக இருக்கலாம் என்று இந்த வாரமே பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்துத்தானே என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

மெட்ஃபார்மின் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன். அது பசியை மந்தமாக்கும், பல ஆண்டு எடுத்தால் பி12 குறையலாம். ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

எண்கணக்கு:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இனி எடை.

62ல் 4 போனால் ஆறரை விழுக்காடு. வயதானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேட வேண்டும். இங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தாலும், இரவுச் சாப்பாடு திரும்பி ஒரு மாதம் ஆன பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் தைராய்டு, பல், மனச்சோர்வு, விழுங்குவதில் சிரமம், குடல் கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த 23 எங்கிருந்து வந்தது? உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற இரண்டு கோடுகளைப் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் மறு ஆண்டே எடுத்துக்கொண்டது. நீரிழிவும் இதயநோயும் எங்கே கூடத் தொடங்குகின்றன என்று காட்டும் கோடு அது. 72 வயதுக்காரர் பட்டினி கிடந்தாவது அதற்குக் கீழே போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து, பெரும்பாலும் மேல்நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 23க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு கூடியது. 'அப்போ குண்டாக இருப்பதுதான் நல்லது' என்று குதிக்கவும் வேண்டாம். நோயால் மெலிந்தவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருப்பார்கள். அதோடு, அதே பிஎம்ஐயில் நம்மவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல்.

உயரத்தையும் பாருங்கள். 156 இருந்திருந்தால் இதே 58 கிலோவுக்கு 23.8தான் வரும். முதுகெலும்பு சுருங்கியதே 1.3 புள்ளியைக் கூட்டிவிட்டது. 4 செ.மீ. குறைந்திருப்பதைத்தான் நான் பிஎம்ஐயைவிடப் பெரிதாக எடுப்பேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இடுப்பு 86 என்பதை ஒதுக்க முடியாது, ஆசியப் பெண்களுக்கு எல்லை 80. ஆனால் எங்கே வைத்து அளந்தீர்கள்? பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பதுதான் வழக்கமான தப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும்.

இன்னும் இரண்டு அளவு வேண்டும். உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தில் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். இரண்டு கால்களில் எது அதிகமோ அதை எடுங்கள். முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழுந்தால் வீக்கம் இருக்கிறது, அந்த அளவை நம்ப முடியாது. அடுத்து, சுவரோரம் போட்ட நாற்காலியில் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி? பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுப்படி:

அந்த 4 கிலோவில் கணிசமான பங்கு தசையாக இருக்கும். புரதம் இல்லாமல், தசைக்கு வேலையும் இல்லாமல் எடை குறைந்தால் அப்படித்தான் போகும். பிறகு எடை திரும்பும்போது கொழுப்பாகத் திரும்பும்.

வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். அம்மாவுக்கு நாளுக்கு 58 முதல் 70 கிராம். சிறுநீரகம் இயல்பு என்றதால் இதைச் சொல்கிறேன், பழுது இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். மூன்று வேளைக்கும் பிரித்து வேளைக்கு 20 கிராம் குறையாமல் வர வேண்டும்.

'அதான் தினமும் சாம்பார் இருக்கே' என்பார்கள். நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் மொத்தப் புரதமே 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை. தெளிவாக ஊற்றிக்கொண்டால் அதுவும் இல்லை.

காலை மூன்று தோசையும் சாம்பாரும் 12 கிராமைத் தாண்டாது. ஒரு முட்டை 6, ஒரு குவளைப் பால் 7 சேர்ந்தால் கணக்கு முடிந்தது. மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, உள்ளங்கை அளவு மீன். சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல் கிடைக்கும். செவ்வாய், வெள்ளிதான் தடுமாறும் நாட்கள். ஈரச்சந்தையில் கிடைக்கும் தவ்குவா (கெட்டியான சோயா தோஃபு) ஒரு பெரிய துண்டை மிளகுத்தூள் போட்டுப் புரட்டி எடுங்கள், 100 கிராமுக்கு 12க்குக் குறையாது. தெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி) அதைவிட மேல், 100 கிராமுக்கு 18, 19. ஆனால் எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கலோரியும் ஏறும். ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்துவிட்டு வதக்கினால் மென்மையாகவும் இருக்கும், கசப்பும் போகும். இரவு இரண்டு சப்பாத்தி, கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர். பல்செட் சரியாகப் பொருந்தாதவர்கள் தங்களுக்கே தெரியாமல் கஞ்சிக்கும் இடியாப்பத்துக்கும் மாறிவிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

குறைக்க வேண்டுமென்றால் கோப்பையில் கைவையுங்கள். காப்பிக் கடைத் தேநீரில் கெட்டிப்பாலின் இனிப்பு முழுக்க இறங்கியிருக்கும். தே சி கொசோங் கேட்டு வாங்கினால் பாலும் உண்டு, சீனி இல்லை. மாலை முறுக்கும் காராபூந்தியும் வாரம் இரண்டு நாள் போதும். ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செங்காங்வாசி:

மிக்க நன்றி. மருந்தகத்தில் பேசினேன், நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பை மறுபடி அளந்ததில் 84. கெண்டைக்கால் 32, வீக்கம் இல்லை. எழுந்து உட்கார 14 விநாடி. தினமும் காலை புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறாரே, அது போதாதா?

எண்கணக்கு:

ஆசியச் சார்கோபீனியா (வயதால் வரும் தசையிழப்பு) பணிக்குழுவின் 2019 வரையறைப்படி பெண்களுக்குக் கெண்டைக்கால் 33க்குக் கீழே போனாலோ, ஐந்து முறை எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ தசையிழப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் மாட்டுகிறார். இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். 55 என்ற இலக்கை இப்போதைக்கு மறந்துவிட்டு மூன்று மாதம் 58ஐ ஒட்டியே நிறுத்துங்கள். அதன் பிறகும் இடுப்பு இறங்கவில்லை என்றால் நாளுக்கு 250 கலோரி மட்டும் குறைக்கலாம், மாதம் ஒரு கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

படிக்கட்டு:

நடை நல்லது, சர்க்கரைக்கும் இதயத்துக்கும். தொடைத் தசை வளர அது போதாது, பாரம் வேண்டும்.

நீங்கள் செய்த சோதனையே பயிற்சி. எழுவதற்கு ஒரு விநாடி, உட்கார மூன்று விநாடி. தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு. பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு எழ வேண்டும். முன்னால் நீட்டி வைத்திருப்பதால்தான் பலரால் எழ முடிவதில்லை. 8 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8. வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள். கையை ஊன்றாமல் முடியவில்லை என்றால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். முட்டிவலிக்கும் அதே வழிதான். கடைசி இரண்டும் சுலபமாகிவிட்டால் மெத்தையை எடுங்கள், பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்துக்கொள்ளட்டும். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். எழும்போது மூச்சை விட வேண்டும்.

கூடவே அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது 12 தடவை. முதியவர்களுக்கான துடிப்பாக மூப்படையும் நிலையம் புளோக்குக்குப் பக்கத்தில் இருந்தால் தசைப் பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். கூட்டத்தோடு செய்தால் விடாமல் செய்வார்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

எடை வாரம் ஒருமுறை போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, ஒரே மாதிரி உடையில், தராசு கால்மிதி மேல் இல்லாமல் தரை ஓட்டின் மேல். வீட்டுத் தராசு காட்டும் கொழுப்பு விழுக்காடு உடலில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து ஏறி இறங்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததில்லை, நீர் கட்டுகிறது. கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ சேர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

நாற்காலிச் சோதனையை 12 வாரம் கழித்து அதே நாற்காலியில் செய்யுங்கள். வேறு உயர நாற்காலி என்றால் விநாடிகளை ஒப்பிட முடியாது.