மறுமொழி: கொண்டிஞ்சன்சிக்கு 'எதிர்பாராச் செலவு' போதுமா?

வணக்கம். வீடு திருத்தும் வேலைக்கான நம் சொற்பட்டியலில், கொண்டிஞ்சன்சிக்கு (contingency, எஸ்டிமேட்டின் அடியில் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் தொகை) 'மறைபழுது ஏற்பாடு' என்று நான் எழுதியதற்கு அண்ணன் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'எதிர்பாராச் செலவு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

அண்ணன் கேட்டது நியாயம். ஆனால் வாடகைக்கு விட வாங்கிய பழைய வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டபோது இந்தச் சொல்லை நம்பி நான் நட்டப்பட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தகரக்கூரை வீடு. பெப்ரவரியில் போய்ப் பார்த்தேன், நல்ல வெயில். சுவரெல்லாம் காய்ந்து கிடந்தது. பெயின்ட், கதவு, குளியலறை, வயரிங் என்று எழுதிக் கூட்டினால் 480,000 ரூபா. அடியில் 'எதிர்பாராச் செலவு 10 வீதம்' என்று 48,000 சேர்த்தேன். எதிர்பாராததுதானே, வராமலும் போகலாம் என்று நினைத்து அந்தக் காசை டைல்சுக்குத் திருப்பிவிட்டேன்.

ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்தது. பாஸ் (வேலை செய்த மேஸ்திரி) சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது நனைந்த தேயிலைத்தூள் மாதிரி மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு கைமரத்தில் ஒன்பதை மாற்றினோம். பின்பக்கக் கான் (வடிகால்) மண் அடைத்து, தண்ணீர் அத்திவாரத்துக்குள் இறங்கியிருந்தது. இந்த இரண்டுக்கு மட்டும் 165,000.

இதில் எது எதிர்பாராதது? நாற்பது வருஷத் தகரத்துக்குக் கீழே மரம் உளுத்திருக்கும் என்று மலைநாட்டில் எந்த பாஸைக் கேட்டாலும் சொல்வார். எந்த மரம், எத்தனை மரம் என்பதுதான் கழற்றும்வரை தெரியாது.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு 'ஐயக்கடன் ஏற்பாடு' நினைவிருக்கும். எந்தக் கடன்காரர் கைவிரிப்பார் என்று தெரியாது. சிலர் கைவிரிப்பார்கள் என்பது தெரியும். அதற்காகத்தான் முன்கூட்டியே ஒரு தொகையைக் கணக்கில் வைக்கிறோம். வீட்டு விஷயமும் அப்படியே. ஆகவே நான் முன்வைக்கும் சொல்: மறைபழுது ஏற்பாடு.

'மறைப்பழுது' என்று எழுதிய அக்காவுக்கு: மறைபொருள் போல இதுவும் வினைத்தொகை, 'ப்' வராது. மறைந்த பழுது, மறைகின்ற பழுது, மறையும் பழுது என்று முக்காலத்துக்கும் விரியும். பழுதும் அப்படித்தானே, நேற்றே மறைந்ததும் உண்டு, இனி மறையப்போவதும் உண்டு. 'ஏற்பாடு' என்பதற்குப் பதிலாக 'ஒதுக்கீடு' என்றால் வரவுசெலவுத் திட்ட ஞாபகம்தான் வருகிறது, எனக்கு ஒட்டவில்லை.

இந்தச் சொல்லால் கணக்குப் போடும் முறையும் மாறும். மொத்தத்தில் 10 வீதம் என்று போட்டால் பெயின்டுக்கும் டைல்சுக்கும் சேர்த்துப் போடுகிறோம். அவற்றில் மறைய என்ன இருக்கிறது? கண்ணுக்குப் படாத இடங்களுக்குத்தான் தனித்தனியாகத் தொகை வைக்க வேண்டும்: சீலிங்குக்கு மேலே, சுவருக்குள் ஓடும் குழாய், பழைய வயர், பின்பக்கக் கான். வீட்டை மழையில் பார்த்திருந்தால் தொகையைக் குறைக்கலாம். ஹட்டனுக்கு அது ஜூன், ஜூலை. பதுளைப் பக்கம் வடகீழ் பருவமழை என்பதால் டிசம்பரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

'எதிர்பாராச் செலவு' இருக்கட்டும். மண்சரிவு, கூரைமேல் மரம் விழுவது போன்றவற்றுக்கு அதுதான் சரி. விலையேற்றத்தை இரண்டிலும் சேர்க்கக்கூடாது. 2022இல் ரூபா சரிந்தபோது சீமெந்து விலை ஏறிய ஏற்றத்துக்கும் உளுத்த மரத்துக்கும் என்ன சம்பந்தம்? எஸ்டிமேட்டின் அடியில் மூன்றும் மூன்று வரியாக நிற்கட்டும்.

பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களிடம் ஒரு கேள்வி. வெட்டிய மண்மேட்டுக்கும் வீட்டின் பின்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்குமே, அதை உங்கள் பாஸ்மார் என்னவென்று சொல்கிறார்கள்? பழுது அதிகம் மறைவது அங்கேதான். நம் சொற்பட்டியலில் அதற்கு இன்னும் சொல் இல்லை.