இத்தனை விருது வாங்கின ஆய்வுக் குழு பக்கத்துலயே இருக்கு, நம்ம வீட்டுக் கம்பி ஏன் துருப்பிடிக்குது?

நாகை_சிமெண்ட்கடை:
தஞ்சாவூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகம், பேர் வேண்டாம். அங்க உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வுக் குழு இந்த வருஷச் சாதனைப் பட்டியல் வெளியிட்டிருக்காங்க. சிறந்த கட்டுரை விருது ரெண்டு, இளம் ஆய்வாளர் விருது ஒண்ணு, காப்புரிமை நாலு. வாட்ஸப்புல மூணு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. நம்ம மண்ணுக்குப் பெருமைதான்.

ஆனா அதே வாரம் வேதாரண்யத்துல எங்க சித்தப்பா வீட்டு சன்ஷேட் பெயர்ந்து விழுந்துச்சு. கட்டி 11 வருஷம்தான் ஆகுது. விழுந்த துண்டைக் கையில எடுத்துப் பார்த்தேன். 8 எம்.எம். கம்பி, நகத்தால சுரண்டினா அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா உதிருது. கம்பிக்கு அடியில காரை ஒரு விரக்கடை கூட இல்ல. கட்டும்போது போர் தண்ணியிலதான் கலவை போட்டாங்க, வாயில வெச்சா கரிக்கிற தண்ணி. சித்தி அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் அதுக்குக் கீழ உக்காந்து கீரை ஆஞ்சிட்டிருந்தாங்க.

உப்புக்காத்து ஊர் கான்கிரீட்டைப் பத்தி எழுதி விருது வாங்குறவங்க, அந்த ஊருக்கு ஒரு தடவையாவது வந்து பார்க்கணுமா வேண்டாமா?

ஆய்வுமாணவி:
அண்ணே, சித்திக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே பெரிய நிம்மதி. நானும் இந்த மாதிரி ஒரு குழுவுலதான் மூணாவது வருஷமா பிஎச்.டி. பண்றேன், அதனால பதில் சொல்றேன்.

சித்தப்பா வீட்டுக்குத் தேவையான ஆராய்ச்சி எப்பவோ முடிஞ்சுடுச்சு. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456, 2000-லயே சொல்லிடுச்சு: கடலோரக் காத்து படுற கான்கிரீட்டுக்குக் குறைஞ்சது எம்30ங்கிற வலிமைத் தரம், கம்பிக்கு வெளிய அதை மூடுற கான்கிரீட் (கவர்) 45 மி.மீ. கம்பி போட்ட கான்கிரீட்டுல கலக்குற தண்ணியில குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதை சைட்ல யாரும் பார்க்காததுக்கு ஆய்வுக் குழு என்ன பண்ணும்?

விருதுன்னா மேடையும் சால்வையும்தான் வெளிய தெரியுது. குளோரைடு ஊடுருவல் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கனத்துல கான்கிரீட்டை வில்லையா அறுத்து, முதல் நாளே காத்தை உறிஞ்சி எடுத்துட்டுத் தண்ணி ஏத்தணும். மறுநாள் ஒரு பக்கம் உப்புக் கரைசல், மறுபக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி 60 வோல்ட்டுல 6 மணி நேரம் ஓட்டணும். அஞ்சாவது மணியில கரண்ட் போனா அன்னைக்கு எடுத்த அளவு எதுக்கும் உதவாது. இப்படி எத்தனையோ வில்லை அறுத்த பிறகுதான் ஒரு கட்டுரை. நீங்க கடையில விக்கிற பி.பி.சி. சிமெண்டுல அனல்மின் நிலையச் சாம்பல் இருக்குல்ல? அது உப்பை உள்ள விடாம தடுக்கும்னு யாரோ இப்படி உக்காந்து அளந்ததாலதான் அந்த மூட்டை இன்னைக்கு உங்க கடையில இருக்கு.

குடந்தை_அப்பா:
பொண்ணை சிவில்ல சேர்க்கணும்னு ரெண்டு மாசமா கல்லூரிப் பட்டியலா படிச்சிட்டிருக்கேன். எனக்கு உறுத்துறது அந்த நாலு காப்புரிமை. அதுல மூணுக்கு நேரா "வெளியிடப்பட்டது"ன்னுதான் போட்டிருக்கு. விண்ணப்பம் போட்டா 18 மாசத்துல அது தானா காப்புரிமை அலுவலக இதழ்ல வெளிவந்துடும். பரிசோதனைக்குத் தனியா கேக்கணும். ஆட்சேபத்துக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்ச பிறகுதான் காப்புரிமை கிடைக்கும். விண்ணப்பிச்சதையும் வாங்கினதையும் ஒரே வரிசையில எழுதினா, எங்களை மாதிரி படிக்கிறவங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

விருதும் அப்படித்தான். அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் 1917-லேர்ந்து வேசன் பதக்கம் கொடுக்குது. எந்தக் கட்டுரைக்குன்னு சொல்லித்தான் கொடுப்பாங்க. இந்தப் பட்டியல்ல கட்டுரைத் தலைப்பே இல்ல, புகைப்படம் மட்டும் இருக்கு.

ஆய்வுமாணவி:
தலைப்பு போடாதது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா காப்புரிமை விஷயத்துல குழுவை மட்டும் குத்தம் சொல்லாதீங்க சார். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடுற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில ஆராய்ச்சிக்கு மட்டும் 30 சதவீதம். அதுல வெளியான விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் உண்டு. அந்த எண்ணிக்கையை மேலிடம் கேக்கும்போது பேராசிரியர் கொடுக்காம இருக்க முடியுமா? விருதும் எண்ணிக்கையும் இருந்தாத்தான் திட்ட நிதி வருது, நிதி வந்தாத்தான் எனக்கு உதவித்தொகை. எங்க அப்பா பாபநாசத்துல குத்தகை விவசாயி.

குடந்தை_அப்பா:
உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா தரவரிசைக்கு ஒரு கணக்கு, மக்களுக்கு ஒரு கணக்குன்னு இருக்கக் கூடாது. மக்களுக்குக் காட்டுற தாள்ல கிடைச்சது எது, கேட்டிருக்கிறது எதுன்னு பிரிச்சு எழுதினா போதும்.

ஓய்வு_பொதுப்பணி:
நாகைத் தம்பிக்கு முதலில் ஒன்று. சன்ஷேட் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. அதில் மெயின் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் துண்டில் அது அடியில் கிடக்கிறது என்றால், கலவை போடும்போது ஆள் ஏறி மிதித்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். உப்பு தனியாகச் சேதம் செய்திருக்கும். ஆனால் நல்ல தண்ணீரில் கலந்திருந்தாலும் அது நிலைத்திருக்காது.

இப்போது விருது. 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு அணையில் கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்கள் 9 அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய இடம். அந்த மாதமே திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பழைய கட்டடத்துக்கு அடியில் மணல் எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதி வைப்பதும் கட்டமைப்புப் பொறியியல்தான். என் பணிக்காலம் முழுவதும் அந்த வேலைக்கு ஒருவர் விருது வாங்கி நான் பார்த்ததில்லை. புதுக் கலவை, புது மாதிரி என்றால் உடனே மேடை கிடைக்கிறது. டெல்டாவில் புதிதாகக் கட்டுவதைவிடக் காப்பாற்ற வேண்டியதுதான் அதிகம். மாணவியின் வாதத்தை இதனால்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எதற்கு விருது கிடைக்குமோ அதையே ஆராய்வார்கள்.

நாகை_சிமெண்ட்கடை:
ஐயா, மேல்கம்பி விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இத்தனை வருஷமா சிமெண்ட் விக்கிறேன். கட்டினவரைக் கேட்டா இன்னைக்கும் "உப்புக்காத்துங்க"ன்னுதான் சொல்றாரு.

தங்கச்சி, ஆராய்ச்சி முடிஞ்சுடுச்சுன்னு சொன்னீங்க. அது எங்க மேஸ்திரி கையில வந்து சேரலையே. அந்த 500 மில்லிகிராமை அவருக்கு யார் சொல்றது? தண்ணியை எங்க கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்கணும்னு எனக்கே தெரியாது.

ஆய்வுமாணவி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லண்ணே. தண்ணி சோதனை எங்க லேப்லயே பண்ணுவோம், ஆனா வெளிய யாருக்கும் அது தெரியாது. எங்க சாதனைப் பட்டியல்ல அதுக்கு ஒரு வரி கூட இல்ல. சோதனைக்கான கான்கிரீட் க்யூப் போடுறதுலேர்ந்து உடைக்கிறது வரைக்கும் பார்க்கிற எங்க லேப் அண்ணன் பேரும் அதுல இல்ல.

அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா தண்ணியில கழுவிடாதீங்க, உப்பு கரைஞ்சு போயிடும். காய்ஞ்ச சாக்குல சுத்தி வைங்க. மேற்பரப்புலேர்ந்து 10 மி.மீ., 20 மி.மீ., 30 மி.மீ.னு துளை போட்டுப் பொடி எடுத்தா, உப்பு வெளியிலேர்ந்து வந்ததா, கலவைத் தண்ணியிலயே இருந்ததான்னு தெரிஞ்சிடும். வெளியிலேர்ந்து வந்திருந்தா உள்ள போகப் போகக் குறையும். தண்ணியிலேர்ந்துன்னா எல்லா ஆழத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கும். சார்கிட்ட நான் கேட்டு வைக்கிறேன்.

நாகை_சிமெண்ட்கடை:
கழுவல. கடையில தராசுக்குப் பக்கத்துலயே கிடக்கு. வியாழக்கிழமை முதல் பஸ்ஸுல எடுத்துட்டு வர்றேன், அந்த போர் தண்ணியும் ஒரு கேன் பிடிச்சிட்டு வர்றேன்.